பகடை சொன்னால் மனம் மாற வேண்டுமா?

சில வருடங்களுக்கு முன், பனி கொட்டிய ஒரு சனிக்கிழமை இரவு, அலுவலக நண்பர் ஒருவரின் வீட்டு பேஸ்மெண்ட்டில் ஐந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். மேசைமேல் உருளைக்கிழங்கு வறுவல், பென்சில்கள், விதவிதமான பகடைகள். நான் அப்போது ஒரு கிழட்டுக் கோட்டைக் காவலன். சிறைச் சாவி என் இடுப்பில் தொங்கியது. உள்ளே இருந்த கைதி என் கிராமத்தைக் கொளுத்தியவன். அவனை ராஜாவின் விசாரணைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தே தீருவேன் என்று நாலு வாரமாக, அதாவது நாலு சனிக்கிழமையாக, சபதம் போட்டுக்கொண்டிருந்தேன்.

எங்கள் கூட்டத்திலேயே ஒரு திருடன் உண்டு. அலுவலகத்தில் டேட்டாபேஸ் பார்த்துக்கொள்ளும் பரம சாதுவான நண்பர் அவனை ஆடிக்கொண்டிருந்தார். "இவனை எதற்கு இழுத்துக்கொண்டு அலைகிறோம்? விட்டுவிட்டால் புதையல் இருக்குமிடத்தைச் சொல்லிவிடுவான். சாவியைக் கொடு" என்றான் திருடன். முடியாது என்றான் என் காவலன். நண்பர் இருபது முகப் பகடையை எடுத்து உருட்டினார். 18 விழுந்தது. திருடனின் பேச்சுத் திறமைக்காக இன்னொரு 7. மொத்தம் 25.

"நம்பிவிட்டாய். கொடு."

"நான் நம்பவில்லையே" என்றேன்.

"நீ நம்ப வேண்டாம். உன் காவலன் நம்பிவிட்டான். பகடை சொல்கிறதே."

மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. ஆட்டத்தை நடத்தியவரும் "சரி, ஆகட்டும்" என்றுவிட்டார். கைதி தப்பித்துப் போனான்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி, "என்ன ஆச்சு, மூஞ்சி ஒரு மாதிரியா இருக்கு?" என்றாள். "சாவியைப் பிடுங்கிட்டாங்க" என்றேன். "ஐயையோ, கார் சாவியா? அப்புறம் எப்படி வந்தீங்க?"

விளக்கிச் சொல்ல அரை மணி நேரம் பிடித்தது. சொல்லி முடித்த பிறகும் ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்று எனக்கே பிடிபடவில்லை. அதே மேசையில் அதற்கு முன் என்னுடைய பாத்திரங்கள் இரண்டு செத்திருக்கின்றன. ஒருவனைக் கரடி தின்றது. அப்போதெல்லாம் சிரித்துக்கொண்டே புதுத் தாளை எடுத்து அடுத்த பாத்திரத்தை எழுதத் தொடங்கியவன்தான் நான். செத்தபோது வராத கோபம் சாவி போனபோது வந்தது ஏன்? அந்தக் கேள்வியைத் துரத்திக்கொண்டு போனதில் கிடைத்தவைதான் இந்தக் கட்டுரை.

ஆட்டம் எப்படி நடக்கிறது?

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. இது கணினி விளையாட்டு அல்ல. மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாயால் பேசி ஆடுவது. ரோல் பிளேயிங் கேம் என்பார்கள். ஒருவர் நடத்துநர். (பஸ்ஸில் டிக்கெட் கிழிப்பவர் அல்லர், கேம் மாஸ்டர் என்பதை நான் இப்படி எழுதுகிறேன்.) மலை, காடு, மழை, எதிரி, கடைக்காரர், ராஜா எல்லாம் அவர் பொறுப்பு. மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரம். "எதிரே ஒரு ஆறு, பாலம் உடைந்திருக்கிறது, என்ன செய்கிறாய்?" என்று நடத்துநர் கேட்பார். "நீந்துகிறேன்" என்பீர்கள். முடியுமா முடியாதா என்பது சந்தேகமாக இருந்தால் பகடை. பாத்திரத்தின் பலமும் பலவீனமும் ஒரு தாளில் எண்களாக எழுதப்பட்டிருக்கும். அவற்றைப் பகடையோடு கூட்டியோ கழித்தோ முடிவு சொல்வார்கள். அவ்வளவுதான் இயந்திரம். மற்றதெல்லாம் பேச்சு.

ஆக, அதிகாரம் மூன்றாகப் பிரிகிறது. உலகம் நடத்துநருக்கு. சந்தேகம் பகடைக்கு. பாத்திரத்தின் மனசு ஆட்டக்காரருக்கு. கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் இந்த மூன்றாவது பங்கின் எல்லை எங்கே என்பதில்தான் ஐம்பது வருடமாக வழக்கு நடக்கிறது.

படைவீரனுக்கு இருந்த பயம்

வழக்கின் வேர் போர் விளையாட்டுகளில் இருக்கிறது. 1824-ல் பிரஷ்ய ராணுவ அதிகாரி ஃபான் ரைஸ்விட்ஸ், அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுக்க கிரீக்ஸ்ஸ்பீல் என்ற ஆட்டத்தை வெளியிட்டார். வரைபடத்தின்மேல் கட்டைகளை நகர்த்தி ஆடுவது. நடுவர் உண்டு, பகடையும் உண்டு. இதன் வாரிசுகள் 20-ஆம் நூற்றாண்டில் பொழுதுபோக்காகப் பரவின. அந்த ஆட்டங்களில் நீங்கள் தளபதி. "முன்னேறு" என்று உத்தரவிடலாம். ஆனால் உங்கள் படை கேட்கும் என்று நிச்சயமில்லை. பாதிப் பேர் விழுந்துவிட்டால் மீதிப் பேர் நிற்பார்களா, ஓடுவார்களா என்று பகடை உருட்ட வேண்டும். இதற்கு மொரால் விதி என்று பெயர். படையின் மனஉறுதி என்று வைத்துக்கொள்ளலாம்.

1960-களின் கடைசியில் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் டேவிட் வெஸ்லி என்பவர் ஒரு சோதனை செய்தார். நெப்போலியன் காலத்து பிரவுன்ஸ்டைன் என்ற கற்பனை ஜெர்மன் ஊர். அவர் படைகளை மட்டும் பிரித்துக் கொடுக்கவில்லை. வந்தவர்களுக்கு அந்த ஊரின் தனி மனிதர்களையும் ஆளுக்கு ஒருவராகக் கொடுத்தார். ஒவ்வொருவருக்கும் ஒரு நோக்கம். ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் ரகசியம் பேசிக்கொண்டு, அவர் யோசித்தே வைக்காத காரியங்களில் இறங்கினார்கள். எல்லாம் கைமீறிப் போய்விட்டது, சோதனை தோல்வி என்று அவர் நினைத்தார். ஆடியவர்களோ இன்னொரு முறை நடத்து என்று நச்சரித்தார்கள். அந்தக் கூட்டத்தில் இருந்த டேவ் ஆர்னெசன் இந்த யோசனையை மாயாஜால உலகத்துக்குக் கொண்டுபோனார். விஸ்கான்சினின் லேக் ஜெனீவா ஊர்க்காரர் கேரி கைகாக்ஸும் அவரும் சேர்ந்து 1974-ல் வெளியிட்டதுதான் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்.

இதில் என் கண்ணில் பட்டது ஒன்று. கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் 1971-ல் வெளியிட்ட செயின்மெயில் என்ற போர் விளையாட்டில் மொரால் விதி உண்டு. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்கும் அது வந்து சேர்ந்தது. டாம் மோல்ட்வே 1981-ல் தொகுத்த தொடக்கநிலை விதிப்புத்தகத்தில் ஒவ்வொரு விலங்குக்கும் எதிரிக்கும் 2 முதல் 12 வரை ஒரு மொரால் எண் இருக்கிறது. இரண்டு ஆறுமுகப் பகடைகளை உருட்டி, எண் அதைத் தாண்டினால் அது சண்டையை விட்டுவிடும். நீங்கள் கூலிக்கு அமர்த்திய ஆளுக்கும் இது பொருந்தும். ஆனால் ஆட்டக்காரரின் பாத்திரத்துக்கு மட்டும் கிடையாது. எதிரே டிராகன் நின்றாலும் ஓடுவதா நிற்பதா என்பது நீங்கள் வைத்ததுதான் சட்டம்.

இது சின்ன விதிவிலக்கு போலத் தெரியலாம். எனக்கு இதுதான் ஆட்டத்தின் அஸ்திவாரம் என்று படுகிறது. தளபதியாக இருந்தவரை உங்களுக்குக் கீழே ஆயிரம் மனசுகள் இருந்தன; அவை உங்கள் பேச்சைக் கேட்காமல் போகலாம். ஒற்றை மனிதனாக இறங்கி வந்ததும் ஒரே ஒரு மனசு உங்களுக்கென்று ஒப்படைக்கப்பட்டது. நடத்துநருக்கு மொத்த உலகமும் கிடைக்கிறது. ஆட்டக்காரருக்குக் கிடைப்பது அந்த ஒன்றுதான்.

மந்திரம் போட்டால்?

ஆனால் முதல் நாளிலேயே இதற்கு ஒரு ஓட்டையும் வைத்துவிட்டார்கள். சார்ம் பெர்சன் என்று ஒரு வசிய மந்திரம். 1974 விதிப்படி அதில் மாட்டியவர், யாராவது மந்திரத்தை முறிக்கும்வரை போட்டவரின் பிடியில்தான். கால வரம்பே கிடையாது. தப்பிக்க ஒரே வழி சேவிங் த்ரோ என்கிற ஒற்றைப் பகடை வீச்சு. விஷம், டிராகன் மூச்சு, மந்திரம் என்று கண்டத்துக்கு ஒரு எண் உண்டு. அது விழுந்தால் பிழைத்தீர்கள்.

அதே மந்திரம் 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பில் எப்படி இருக்கிறது என்று பார்த்தால் இந்த நாற்பது வருடத்தில் நடந்த பேரம் புரியும். இப்போது ஒரு மணி நேரம்தான். மாட்டியவர் அடிமை அல்லர். மந்திரம் போட்டவரைத் தெரிந்த நண்பராக நினைப்பார், அவ்வளவுதான். நேரம் முடிந்ததும் தன்னை வசியம் செய்தார்கள் என்பதும் அவருக்குத் தெரிந்துவிடும். முழுதாக ஆட்டிவைக்கும் டாமினேட் பெர்சன் என்ற மந்திரம் தனியாக, மேல் நிலையில் இருக்கிறது. அதிலும் அடி விழும்போதெல்லாம் உதறிவிட்டு எழ இன்னொரு வாய்ப்பு உண்டு. பாத்திரம் எப்படி யோசிக்கும், பேசும், நடக்கும் என்பதைத் தீர்மானிப்பது ஆட்டக்காரர்தான் என்ற கருத்தையும் அந்தப் புத்தகம் வெளிப்படையாகவே சொல்கிறது.

என் கோபத்துக்கு இங்கே பாதி விடை கிடைத்தது. கரடி என் பாத்திரத்தின் உடம்பைத் தின்றது. அவன் கடைசிவரை அவனாகவே செத்தான். சாவி விஷயத்தில் உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் என் காவலன் இருந்த இடத்தில் வேறு யாரோ நின்றுகொண்டு, அவன் பெயரால் சாவியை நீட்டிவிட்டான்.

நாக்கு இல்லாதவனுக்கு நாக்கு

அப்படியானால் பேச்சுக்குப் பகடையே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? பழைய ஆட்டக்காரர்கள் பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். ராஜாவை இணங்கவைக்க வேண்டுமா, ராஜாவாக நடிக்கும் நடத்துநரிடம் பேசு, நன்றாகப் பேசினால் இணங்குவார் என்பது அவர்கள் கட்சி.

என்னால் அந்தக் கட்சியில் சேர முடியாது. காரணம் சொந்தமானது. நான் முதுகலை படிக்க இந்த நாட்டுக்கு வந்த புதிதில், என் ஆங்கிலம் பரீட்சைத் தாளில் ஓடும், வாயில் நடக்கும். நாலு பேர் வேகமாகப் பேசும் மேசையில் நான் ஒரு வாக்கியத்தை மனசுக்குள் கட்டி முடிப்பதற்குள் பேச்சு இரண்டு ஊர் தாண்டியிருக்கும். முதன்முதலில் ஆடியபோது ஒரு சுங்கச்சாவடி அதிகாரியிடம் என் பாத்திரம் பேச வேண்டி வந்தது. தாளில் அவன் பெரிய பேச்சாளன். நான் திக்கித் திணறி இரண்டு வார்த்தை சொன்னேன். நடத்துநர் சிரிக்கவில்லை. "என்ன சொல்ல வருகிறான் என்று மட்டும் சொல், பகடையை உருட்டு" என்றார். உருட்டினேன். நல்ல எண். அதிகாரி மயங்கிக் கதவைத் திறந்தார். அந்த ஊருக்கு வந்து சேர்ந்தபின் என் பேச்சை ஒருவர் முழுதாகக் கேட்டு இணங்கியது அதுதான் முதல் தடவை என்று தோன்றியது. அந்த ஒருவர் கற்பனை ஆள் என்பது வேறு விஷயம்.

நியாயமும் அதுதானே. சுவர் ஏறுகிறேன் என்றால் யாரும் என்னைப் பேஸ்மெண்ட் சுவரில் ஏறிக்காட்டச் சொல்வதில்லை. பேச்சுக்கு மட்டும் ஏன் பேசிக்காட்ட வேண்டும்? வாயாடிகளுக்கு மட்டும் ராஜசபை என்றால், கூச்சப்படுபவர்களும் வேற்றுமொழிக்காரர்களும் எப்போதும் குதிரையைப் பிடித்துக்கொண்டு வாசலில்தான் நிற்க வேண்டும்.

ஆக, எனக்கு நாக்கைக் கொடுத்ததும் பகடை. என் காவலனின் மனசைப் பிடுங்கியதும் பகடை. இரண்டும் ஒரே விதியா? சாவடி அதிகாரி நடத்துநரின் ஆள். நடத்துநருக்கு அவரைப் போல நூறு பேர் உண்டு. ஒருவர் மனசு மாறினால் நஷ்டமில்லை. எனக்கு இருந்தது ஒரே ஒரு காவலன்.

மூன்று ஆட்டங்கள், மூன்று தீர்ப்புகள்

இந்தச் சிக்கலை வெவ்வேறு ஆட்டங்கள் தீர்த்திருக்கும் விதம் சுவாரஸ்யமானது. எனக்குப் பிடித்த மூன்றைச் சொல்கிறேன்.

முதலாவது, 1981-ல் வந்த கால் ஆஃப் கதுலு. சாண்டி பீட்டர்சன் உருவாக்கியது. லவ்கிராஃப்ட் எழுதிய திகில் கதைகளின் உலகம். இதில் உயிரைப் போலவே சித்தத்துக்கும் ஒரு கணக்கு. பார்க்கக் கூடாததைப் பார்த்தால் பகடை; தவறினால் சித்தம் குறையும். ஒரே அடியில் ஐந்தோ அதற்கு மேலோ போனால் இன்னொரு வீச்சு, பார்த்தது என்னவென்று புரிந்ததா என்று. வழக்கமாக இப்படிப்பட்ட வீச்சில் ஜெயித்தால் நல்லது. இங்கே புரிந்துவிட்டால்தான் தற்காலிகப் பைத்தியம், புரியாதவன் பிழைத்தான். அந்த உலகத்து ரகசியங்களைக் கற்கக் கற்க, சித்தத்தின் உச்ச அளவே குறைந்துகொண்டு வரும். பூஜ்யத்தைத் தொட்டால் தாளை நடத்துநரிடம் கொடுத்துவிட வேண்டியதுதான். உங்கள் பாத்திரம் இனி உங்களுடையதில்லை. சாவியைவிடப் பெரிய பறிப்பு. ஆனால் யாரும் கோபப்படுவதில்லை. இந்த ஆட்டத்துக்கு உட்காருவதே, ஒரு மனசு கொஞ்சம் கொஞ்சமாகக் கையைவிட்டு நழுவுவதைப் பார்க்கத்தான்.

இரண்டாவது, கிரெக் ஸ்டாஃபோர்டின் பென்டிராகன், 1985. ஆர்தர் ராஜாவின் வீரர்கள் கதை. ஒவ்வொரு வீரனுக்கும் 13 ஜோடி குணங்கள். இரக்கம்-கொடூரம், துணிவு-கோழைத்தனம் என்று எதிரெதிராக. ஒவ்வொரு ஜோடியின் கூட்டுத்தொகை 20. இரக்கம் 14 என்றால் கொடூரம் 6. எதிரி காலில் விழுந்து கெஞ்சுகிறான் என்றால் இரக்கத்துக்குப் பகடை உருட்டச் சொல்லலாம். அது தவறினால் கொடூரத்துக்கு உருட்ட வேண்டும். இரண்டும் தவறினால் முடிவு உங்களுடையது. 16-ஐ எட்டிய குணம் ஊரறிந்த குணம். அதற்குப் புகழ் சேரும். இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. அந்த எண்கள் நீங்கள் நடந்துகொண்டதற்கேற்ப ஏறி இறங்குபவை. வருடக்கணக்கில் இரக்கம் காட்டி வந்தவனை ஒருநாள் இரக்கமே பிடித்து நிறுத்துகிறது. பகடை வெளியிலிருந்து வந்து மனசை மாற்றுவதில்லை. நீங்களே வளர்த்த பழக்கம் உங்களை ஆள்கிறது. நாற்பதை நெருங்கும் எவருக்கும் இது கற்பனைக் கதையாகத் தோன்றாது.

மூன்றாவது, வின்சென்ட் பேக்கரும் மெக்வே பேக்கரும் எழுதிய அபோகலிப்ஸ் வேர்ல்ட், 2010. என் சாவி வழக்குக்கு நேரான தீர்ப்பு இதில் இருக்கிறது. ஒரு ஆட்டக்காரரின் பாத்திரம் இன்னொருவருடையதை இணங்கவைக்க உருட்டி நல்ல எண் விழுந்தால், எதிராளி இணங்கியே ஆக வேண்டும் என்று விதி சொல்வதில்லை. இணங்கினால் அனுபவப் புள்ளி ஒன்று கிடைக்கும். மறுத்தால், அந்த மறுப்பே ஆபத்தைத் தாண்டிச் செய்யும் காரியமாகக் கருதப்பட்டு அதற்கொரு பகடை உருட்ட வேண்டும். எண் சுமாராக விழுந்தால் உருட்டியவர் இந்த இரண்டில் ஒன்றைத்தான் பிடித்துக்கொள்ளலாம். எப்படியானாலும் என்ன செய்வது என்பது எதிராளியின் கையில். ஃபேட் என்ற இன்னொரு ஆட்டத்தின் 2013 பதிப்பும் இதே திசையில் போகிறது. உன் பாத்திரத்தின் பலவீனம் உன்னைச் சிக்கலில் இழுக்கிறது என்று நடத்துநர் ஒரு புள்ளியை நீட்டுவார். வாங்கிக்கொண்டு சிக்கலில் விழலாம். அல்லது உங்கள் கையிலிருந்து ஒரு புள்ளியைக் கொடுத்து மறுக்கலாம்.

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. முதலாவதில் பறிப்பு உண்டு, ஆனால் முன்கூட்டியே சொல்லிப் பறிக்கிறார்கள். இரண்டாவதில் பறிப்பது உங்கள் கடந்தகாலம். மூன்றாவதில் விலை உண்டு, கடைசிச் சொல் உங்களுடையது. என் மேசையில் நடந்தது இந்த மூன்றில் எதிலும் சேராது. சாவியும் சபதமும் பணயம் என்று பகடை உருளும் முன் யாரும் என்னிடம் சொல்லவில்லை.

நம் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பகடை ஆட்டத்தில் பாஞ்சாலி கேட்டதும் இந்தக் கேள்விதான். தாயத்தில் விழுந்த எண்ணைப் பற்றி அவள் வாதாடவில்லை. என்னைப் பணயம் வைக்க அவருக்கு அப்போது என்ன உரிமை இருந்தது என்றுதான் கேட்டாள். எண்ணுக்கு முன்னால் வருவது உரிமை. பேஸ்மெண்ட்டில் நடந்ததை அஸ்தினாபுரத்தோடு ஒப்பிடுவது ரொம்ப அதிகம்தான். இருந்தாலும் கேள்வி ஒன்றேதான்.

என் பாத்திரம் அப்படித்தான்

இதன் மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் வக்கீல் ஆகிவிடுவேன். என் பாத்திரத்தின் மனசு முழுக்க என்னுடையது என்றால், அது செய்வதற்கெல்லாம் பொறுப்பும் என்னுடையது. இந்த ஆட்டங்களில் அடிக்கடி கேட்கும் வசனம், "நான் என்ன செய்ய, என் பாத்திரம் அப்படித்தான்." கூட்டாளியின் பையில் கைவிட்டுத் தங்கத்தை எடுத்துவிட்டு இதைச் சொல்வார்கள். முக்கியமான பேச்சுவார்த்தை நடுவே தூதுவனைக் குத்திவிட்டு இதைச் சொல்வார்கள். பாத்திரம் தானாகவே நடக்கிறது, கை என்னுடையதில்லை என்கிற பாவனை.

நாவலாசிரியர்களும் இப்படிச் சொல்வதுண்டு. பாத்திரம் என் பிடியை மீறிப் போய்விட்டது என்று. அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் நாவலாசிரியர் தனியாக உட்கார்ந்திருக்கிறார். அவருடைய பாத்திரம் யாரைக் குத்தினாலும் பக்கத்து நாற்காலியில் ஒருவர் முகம் சுருங்குவதில்லை. இங்கே நாலு பேர், ஒரு வாரம் காத்திருந்து, குழந்தைகளைத் தூங்கவைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். என் காவலனின் பிடிவாதமும் அவர்கள் இரவில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. நாலு வாரமாக அந்தக் கைதியை விடாமல் பிடித்துக்கொண்டு, புதையல் பக்கமே கதையைப் போகவிடாமல் செய்தவன் நான்தான் என்பது பிறகுதான் உறைத்தது.

அடுத்த சனிக்கிழமை கொஞ்சம் சீக்கிரமாகப் போய்த் திருட்டு நண்பரிடம் பேசினேன். அவருக்கு ஆச்சரியம். பூட்டை உடைக்க உருட்டுவது போலத்தான் இதற்கும் உருட்டியதாகச் சொன்னார். "நான் நேரில் யாரையும் எதற்கும் இணங்கவைத்ததே கிடையாது. பகடைதான் எனக்காகப் பேசும்" என்றார். எனக்குச் சுங்கச்சாவடி ஞாபகம் வந்தது. அதற்குமேல் கோபத்தைப் பிடித்துவைக்க முடியவில்லை.

ஐந்து பேரும் சேர்ந்து ஒரு விதி எழுதினோம். எங்களுக்குள் பேசும்போது பகடை, பேச்சு எவ்வளவு நன்றாக இருந்தது என்று மட்டும் சொல்லும். "25 விழுந்திருக்கிறது; இதைவிட நேர்மையான முகத்தை நீ பார்த்ததில்லை" என்பதுவரை பகடையின் வேலை. நம்புவதா, நம்பிய பிறகும் மறுப்பதா என்பது கேட்பவர் பாடு. இணங்கினால் அவருக்கு ஒரு சின்ன ஆதாயம். நடத்துநர் தாராளமாக, தப்பிய கைதியை அடுத்த ஊரிலேயே மாட்டவைத்தார். சாவி திரும்பவும் என் இடுப்புக்கு வந்தது.

மூன்று வாரம் கழித்து அந்தச் சாவியை நானே திருடனிடம் கொடுத்தேன். யாரும் பகடை உருட்டவில்லை. ஏன் கொடுத்தேன் என்பது பெரிய கதை. அதில் ஒரு வெள்ளமும் ஒரு குழந்தையும் வருகின்றன. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னபோது அவள் கேட்டது ஒன்றுதான்: "அப்போ அன்னிக்கே குடுத்திருக்கலாமே, எதுக்கு அவ்வளவு ரகளை?"